அலை அடிக்காத இடம்

நாங்கள் சுற்றுலா போன தீவின் அந்தக் கடற்கரையை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். பிறை போல வளைந்த வெண்மணல். இரண்டு முனையிலும் கரும்பாறைகள். வளைவு நெடுக அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன, ஓர் இடத்தைத் தவிர. கிட்டத்தட்ட நடுவில், 20 மீட்டர் அகலம் இருக்கும், அங்கே மட்டும் அலை உடையவில்லை. தண்ணீர் கரும்பச்சையாக, மேற்பரப்பு லேசாகச் சிலிர்த்து, குளம் போலக் கிடந்தது.

“அத்தை, அங்கே அலையே இல்லை. அங்கே குளிக்கலாமா?” என்றாள் தம்பியின் மகள். அவளுக்கு 9 வயது. அலை என்றால் பயம். அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. “நான் முதலில் இறங்கி ஆழம் பார்க்கிறேன். பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று என் வாயில் அந்தச் சொற்கள் வந்ததற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அவளும் கூடவே இறங்கியிருந்தால் இதை எழுதும் மனம் எனக்கு இருந்திருக்காது.

எனக்கு நீச்சல் தெரியும். 11 ஆண்டுகளாக நீச்சல் குளத்தில் நீந்துகிறேன். ஒரு கிலோமீட்டரை நிற்காமல் முடிப்பேன். இடுப்பளவு வந்தது, மார்பளவு வந்தது, அதன்பின் கால் தரையைத் தொடவில்லை. பயம் ஒன்றும் இல்லை. நாலைந்து கை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கரையில் நாங்கள் விரித்திருந்த சிவப்புத் துண்டு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. நாலைந்து கையில் இவ்வளவு தூரம் எப்படி வந்தேன் என்று புரியவில்லை. கரையை நோக்கி முப்பது கை போட்டுத் தலையைத் தூக்கினேன். துண்டு அதே தீப்பெட்டிதான். இன்னும் முப்பது. இப்போது துண்டு அதைவிடச் சிறியது.

கடல் நம்மை இழுக்கும்போது, இழுக்கிறது என்பதே தெரியாது. காலை யாரோ பற்றுவது போல இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. தண்ணீர் அமைதியாக இருக்கிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது, உடம்பைச் சுற்றி எல்லாமே அசையாமல் நிற்பது போலத் தோன்றுகிறது. கரை மட்டும் தள்ளித் தள்ளிப் போகிறது. கைகள் கனத்தன. மூச்சு இரைத்தது. வாய்க்குள் ஒருமுறை உப்புத் தண்ணீர் போனதும், அதுவரை இருந்த நிதானம் போய்விட்டது.

கரையில் படகின் நிழலில் உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து தண்ணீர் விளிம்புவரை ஓடிவந்தார். வா என்று அவர் கை அசைக்கவில்லை. இரண்டு கைகளையும் ஒரே பக்கமாக, கரைக்கு இணையாக, வீசி வீசிக் காட்டினார். அந்தப் பக்கம் போ என்கிறார். அந்தப் பக்கத்தில் வெள்ளை அலைகள் உடைந்துகொண்டிருந்தன. எதைக் கண்டு தவிர்த்தேனோ அதை நோக்கியே போகச் சொல்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் திரும்பினேன். இருபது இருபத்தைந்து கை போட்டிருப்பேன். பின்னால் ஓர் அலை வந்து என்னைத் தூக்கி முன்னால் தள்ளியது. அடுத்த அலை இன்னும் கொஞ்சம் தள்ளியது. மூன்றாவது அலையில் முழங்கால் மணலில் உரசியது.

மொத்தம் ஐந்தாறு நிமிடம் இருக்கும். கரையில் தம்பிக்கு நடந்தது எதுவுமே தெரியவில்லை. “அக்கா, ரொம்ப தூரம் போய்விட்டாயே” என்றான், பெருமையாக.

பெரியவருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அவர் என்னை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு படகில் கிடந்த காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்துவந்து, அலை உடையும் இடத்தில் எறிந்தார். மட்டை கரையை ஒட்டித் தத்தளித்தது. வெளியே போகவில்லை. நேராக வந்து மணலில் ஒதுங்கவும் இல்லை. கரையோரமாகவே பக்கவாட்டில், யாரோ கயிறு கட்டி இழுப்பது போல, அந்தக் கரும்பச்சைத் தண்ணீரை நோக்கி நகர்ந்தது. அதன் வாயில் போய்ச் சேர்ந்ததும் மெதுவாகத் திரும்பியது. அப்புறம் வேகமெடுத்தது. நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டே நின்றோம். உடையும் அலைகளின் வரிசையைத் தாண்டி, ஒரு புள்ளியாகி, கண்ணுக்கு மறையும்வரை அது போய்க்கொண்டே இருந்தது. எத்தனை பக்கம் படித்தாலும் அந்த மட்டை சொன்னதைப் போல விளங்கியிருக்காது.

ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். நடப்பது இதுதான். அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரையில் கொண்டுவந்து கொட்டுகின்றன. கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அடியில் மணல் திட்டுகள் இருக்கும். திட்டின் மேல் ஆழம் குறைவு என்பதால் அலை அங்கே உடைகிறது. திட்டு அறுந்து கிடக்கும் இடத்தில் ஆழம் அதிகம், அலை உடைவதில்லை. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் பக்கவாட்டில் ஓடி, அந்த அறுப்பு வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. ஏரியில் மதகு திறந்தால் அந்த ஒரு வாய்க்குத் தண்ணீரெல்லாம் திரண்டு ஓடிவருமே, அதே கணக்கு. அலை அடிக்காத இடம் என்று நான் பார்த்தது அந்த மதகின் வாயைத்தான்.

இதற்கு ஆங்கிலத்தில் ரிப் கரண்ட் என்று பெயர். நம் செய்திகளிலோ ‘ராட்சத அலை இழுத்துச் சென்றது’ என்ற ஒரே வாக்கியத்தைத்தான் ஆண்டுக்கணக்காகப் படித்துவருகிறோம். இந்த வாக்கியத்தின் மீது எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது. பாறையில் நிற்பவரை அலை அறைந்து தள்ளும், அது வேறு. ஆனால் குளிக்க இறங்கியவரை வெளியே கொண்டுபோவது பெரும்பாலும் அலை இல்லை, நீரோட்டம். உடையும் அலை நம்மைக் கரைக்குத்தான் தள்ளும். ‘அலை இழுத்தது’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தை அலை இல்லாத இடத்தைத் தேடிப் போகும். எங்கள் வீட்டுக் குழந்தை அதைத்தான் செய்தாள். இத்தனைக்கும் நம் மீனவர்கள் நீரோட்டத்துக்கு ‘நீவாடு’ என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அலை வேறு, நீவாடு வேறு. கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற நாம்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

இந்த நீரோட்டம் சாதாரணமாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். சில சமயம் நொடிக்கு 2.4 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 நொடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அது நொடிக்கு 2.15 மீட்டர்தான். உலகிலேயே வேகமான மனிதராலும் எதிர்த்து வெல்ல முடியாத ஒன்றோடு நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? மாட்டிக்கொண்டவர்கள் இறப்பதற்குப் பெரும்பாலும் காரணம் களைப்பு. இந்த நீரோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. அலைகள் உடையும் வரிசையைத் தாண்டியதும் வேகம் தணிந்துவிடும்.

ஆகவே மாட்டிக்கொண்டால் முதல் வேலை நீந்துவதை நிறுத்துவது. மல்லாந்து மிதக்க வேண்டும். உப்புத் தண்ணீர் நன்றாகவே தாங்கும். ஒரு கையை உயர்த்தி அசைத்துக் கத்த வேண்டும். மூச்சு திரும்பியதும், கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் பார்த்து நீந்தலாம். ஒரு பக்கம் கடினமாக இருந்தால் மறுபக்கம். ஜி.பி.எஸ். கருவி பொருத்திய மிதவைகளை இந்த நீரோட்டங்களில் விட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், பல இடங்களில் அவை வட்டமடித்துத் திட்டுப் பக்கமே திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறார்கள். அதாவது, சும்மா மிதந்தாலே சில சமயம் கடல் திருப்பிக் கொண்டுவந்து விடும். எல்லா இடத்திலும் இல்லை. பாறை முனையை ஒட்டியும், பவளத்திட்டின் வாயிலும் ஓடுவது நேராக வெளியே போய்விடக்கூடும்.

பவளத்திட்டு என்றதும் தீவின் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். தீவு என்பது ஒரே கடற்கரை அன்று. காற்று வந்து மோதும் பக்கம் ஒரு குணம், காற்று மறைவான பக்கம் வேறொரு குணம். மறுநாள் நாங்கள் போனது மறைவான பக்கம். கண்ணாடி போன்ற தண்ணீர். தூரத்தில் பவளத்திட்டின் விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. இப்படிப்பட்ட இடத்தில் ஆபத்து என்ன இருக்க முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வெள்ளைக் கோட்டில் உடையும் ஒவ்வோர் அலையும் திட்டின் மேலாகத் தண்ணீரை உள்ளே கொட்டுகிறது. உள்ளே வந்த தண்ணீர் வெளியேற இருப்பது திட்டின் இடைவெளிகள் மட்டுமே. படகுகள் எந்த வழியாக வந்து போகின்றனவோ, பெரும்பாலும் அதே வழியாகத்தான் தண்ணீரும் போகும். மீன்களும் பவளமும் அழகாக இருப்பதும் அந்த வாயில்தான் என்பதால் ஸ்நோர்கெல் (முகமூடியும் மூச்சுக் குழாயும்) மாட்டியவர்கள் தலையைக் கவிழ்த்தபடி அங்கேயே போய்ச் சேர்கிறார்கள்.

இதில் ஓதமும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 6 மணி நேரம் தண்ணீர் ஏறும், 6 மணி நேரம் வற்றும். வற்றும்போது அந்த வாயில் இழுப்பு கூடும். 6 மணி நேரமும் ஒரே சீராக வற்றுவதும் இல்லை. முதல் மணியில் கொஞ்சம், மூன்றாவது நான்காவது மணிகளில் மட்டுமே மொத்தத்தில் பாதி இறங்கிவிடும் என்பது கடலோடிகளின் பழைய கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது. நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே நேற்று காலை பத்து மணிக்குப் பத்திரமாக நீந்திய இடம் நான்கு நாள் கழித்து அதே பத்து மணிக்கு அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. கிளம்பும் முன் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, ஏறி முடிந்து தண்ணீர் தேங்கி நிற்கும் நேரத்தை ஒட்டி இறங்குவது நல்லது.

அந்தக் கண்ணாடித் தண்ணீரில் இன்னொரு கண்ணி உண்டு. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது கரையோரம் ஓர் அலைகூட எழாது. மரங்களும் மேடும் காற்றை மறைத்துக்கொள்ளும். நூறு இருநூறு மீட்டர் போன பிறகுதான் காற்று தன் பலத்தைக் காட்டும். காற்றடைத்த மிதவைப் படுக்கையில் குழந்தையை வைத்துத் தள்ளி விளையாடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த மிதவை ஒரு பாய்மரம் மாதிரி. நீந்திப் பிடிக்கும் வேகத்தைவிட அது வேகமாகப் போகும். நின்றபடி துடுப்பு போடும் பலகையில் போகிறவர்கள் கணுக்காலில் கட்டும் வாரை ஒருபோதும் கழற்றக் கூடாது. விழுந்தால் பலகை காற்றோடு போய்விடும், ஆள் அங்கேயே தங்கிவிடுவார். உயிர்காக்கும் குழு இருக்கிற கடற்கரைகளில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பை கம்பத்தில் பறந்தால் மிதவைகளை இறக்காதீர்கள் என்று பொருள்.

கொடிகளையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும், அங்கேதான் காவலர்களின் கண் இருக்கும். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் தண்ணீருக்குத் தடை. ஊதா என்றால் கொட்டும் உயிரினங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கானது, குளிப்பவர்களுக்கு இல்லை. ஆனால் சின்னத் தீவுகளின் அழகான கரைகளில் பெரும்பாலும் கொடியும் இருக்காது, காவலரும் இருக்கமாட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி அங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். இறங்கும் முன் 15 நிமிடம் மணலில் உட்கார்ந்து பார்ப்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். அலைகள் கொத்துக் கொத்தாக வரும். சில நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு, பிறகு பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவருக்கு அது தெரியாது. கரையிலேயே வந்து ‘தொம்’மென்று உடையும் அலை உள்ள இடத்தில் தலைகுப்புறப் பாயவே கூடாது. கழுத்தெலும்பு முறிந்து வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பவர்கள் உண்டு.

இனி எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். நான் தவித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தம்பி என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குத் தெரியவில்லை. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா, மூழ்குகிறவர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். அவர் கண்டது: உண்மையில் மூழ்குகிறவர் கத்துவதில்லை, கை அசைப்பதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போகும், மேலே வரும். கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கும். உடல் செங்குத்தாக நிற்கும். பார்ப்பவருக்கு விளையாடுவது போலத்தான் இருக்கும். 20 முதல் 60 நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கத்துகிறவருக்கும் கை அசைக்கிறவருக்கும் உதவி தேவைதான், ஆனால் அவரிடம் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கூச்சலிட்டு விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று சத்தமில்லாமல் போனால் அந்தக் கணமே பார்க்க வேண்டும்.

2021-ல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பெரும்பகுதி குழந்தைகளும் இளைஞர்களும். ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்ததும் அதே ஆண்டுதான். கடற்கரையில் குழந்தைகளை ‘எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே பொருள். எங்கள் வீட்டில் இப்போது அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். முறைக்காரர் கையில் போன் இருக்காது. தண்ணீரில் குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால் பாய்ந்துவிடத்தான் மனம் துடிக்கும். அப்படிப் பாய்ந்த அப்பாவும் அண்ணனும் சேர்ந்தே போன செய்திகள் எத்தனை! மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலேறுவார், அது உங்கள் தலையாக இருந்தாலும். முதலில் மிதக்கிற எதையாவது எறியுங்கள். மூடிய தண்ணீர் கேன், பந்து, கயிறு, மிதவை, எதுவானாலும் சரி. 1925 ஜூன் 14 அன்று கலிபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரையில் தெல்மா என்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்தபோது, ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஒலிம்பிக் வீரர் டியூக் கஹனமோகு தன் அலைச்சறுக்குப் பலகையோடுதான் போனார். திரும்பத் திரும்பப் போய் எட்டுப் பேரைக் கொண்டுவந்தார். அவரைவிட நன்றாக நீந்தத் தெரிந்தவர் அந்தக் கரையில் இருந்திருக்க முடியாது. அவரே வெறுங்கையோடு போகவில்லை.

மேலே கொண்டுவந்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலை வேண்டாம். அவருக்கு முதல் தேவை காற்று. திடீரென்று இதயம் நின்றுபோன மற்றவர்களுக்குச் சொல்வது போல நெஞ்சை மட்டும் அழுத்துவது இங்கே போதாது. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துத் தொடங்கி, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். இதை ஒருநாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் நானும் தம்பியும் கற்றுக்கொண்டோம்.

ஸ்நோர்கெல் பற்றியும் ஒரு வார்த்தை. நீச்சல் தெரியாதவர்களும் செய்யலாம் என்று அதை விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹவாயில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகள் அதிகம் பேர் ஸ்நோர்கெல் செய்துகொண்டிருந்தவர்களே. குழாய் வழியாக மூச்சிழுக்க நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டும். இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். முதலில் இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிடம் பழகிப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவது போலத் தோன்றிய உடனே எழுந்து நின்று முகமூடியைக் கழற்ற வேண்டும். நிற்கும் ஆழத்தில் இருந்தால்தான் அது முடியும். மூச்சடக்கி முங்குகிறவர்கள் அதற்கு முன் வேக வேகமாக மூச்சிழுத்து விடக் கூடாது. மூச்சு விடு என்று மூளையை நச்சரிப்பது கரியமில வாயு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் நச்சரிப்பு தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும்.

விளையாட்டுப் படகுகள் இருந்த இடத்தில் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். எங்களுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டுகளில் ஒன்றின் கொக்கி உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தது. குழந்தைக்கு நீட்டியது பெரியவர்களுடையது. அதை மாட்டி, அவள் கைகளை உயர்த்தச் சொல்லி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் காதைத் தாண்டி ஏறியது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், அவள் அதிலிருந்து கீழே நழுவிவிடுவாள். வேறு கொடுங்கள் என்றேன். எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்றார்கள். நாங்கள் போகவில்லை. குழந்தை அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

அடுத்த நாள் வேறோர் இடத்தில் சரியான ஜாக்கெட் கிடைத்தது. அங்கே ஜெட் ஸ்கீ என்ற தண்ணீர் ஸ்கூட்டரை ஓட்டும் முன் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் விழுந்தால் மணிக்கட்டில் கட்டிய கயிறு இயந்திரத்தை நிறுத்திவிடும், அதைக் கட்டாமல் ஏறக் கூடாது. எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. அந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது, பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. எதிரே ஆள் வருகிறார் என்று பதறி வேகம் கொடுக்கும் பிடியை முழுதாக விட்டுவிட்டால் பெரும்பாலான வண்டிகள் திரும்பாது, நேராகவே போய் இடிக்கும். பின்னால் உட்கார்ந்தவர் பின்பக்கமாக விழுந்தால் அந்தப் பீய்ச்சலே உடலுக்குள் பெரிய காயம் உண்டாக்கும். நீச்சலுடை அதைத் தாங்காது, தடித்த ரப்பர் கால்சட்டை போட வேண்டும். படகில் ஏறும்போதும் அப்படித்தான். இயந்திரம் நின்றுவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே ஏணிப்பக்கம் போக வேண்டும்.

கொட்டுகிற உயிரினங்கள் பற்றி எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். என் கணக்கில் அது கடைசி. கால்களைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை விலகிப்போகும். அழகான கூம்புச் சங்கை உயிரோடு கையில் எடுக்கக் கூடாது, அதன் ஊசியில் ஆளைக் கொல்லும் நஞ்சு இருக்கலாம். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், உங்களுக்காகவும் அதற்காகவும். காற்று உருளை கட்டிக்கொண்டு ஸ்கூபா முங்கியவர்களுக்கு ஒன்று: ஒரே முறை முங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. தீவுக்கு விமானத்தில் வந்தவர்கள் கடைசி நாளில் ஸ்கூபாவை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளம்பும் நாள் காலையில் மீண்டும் அந்தப் பிறைக் கடற்கரைக்குப் போனோம். தம்பி மகள் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். 15 நிமிடம் பேசவே இல்லை. நான் பழைய இடத்தைக் காட்டி, “அதோ, அங்கேதான்” என்றேன்.

“இல்லை அத்தை. அங்கே இப்போது அலை உடைகிறது. பாருங்கள், அந்த இடம் நகர்ந்துவிட்டது.”

அவள் காட்டிய திசையில், ஐம்பது அறுபது அடி தள்ளி, கரும்பச்சைத் தண்ணீர் லேசாகச் சிலிர்த்தபடி அமைதியாகக் கிடந்தது. மூன்று நாள் அலையில் மணல் திட்டு இடம் மாறியிருந்தது. அவளே போய் ஒரு தேங்காய் மட்டை தேடிக்கொண்டு வந்தாள். நான் எறிந்தேன். அது பக்கவாட்டில் நகர்ந்து, திரும்பி, வெளியே போனது.

பெரியவரின் படகு அன்று கரையில் இல்லை. நாங்கள் அந்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். தம்பி கரையில் நின்றான், அவன் முறை. முதல் அலை அவள் இடுப்பில் மோதியது. கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவது அலை எங்கள் இருவரையும் இரண்டடி கரைப்பக்கம் தள்ளியது. “இன்னொன்று வருகிறது அத்தை” என்று கத்தினாள்.